ஔவையின் கள்ளும் பெரியம்மாவின் தோடும்

1

புறநானூற்றின் 235ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு எழும். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலை அது. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், மிகுதியாகக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் உடனிருந்து மகிழ்ந்து குடிப்பான் என்று, போனவனின் அன்பை ஔவை நினைத்துப் பார்க்கிற இடம்.

"அப்போ ஔவையார் குடிப்பாங்களா மேம்?"

பல ஆண்டுகளாக இதற்கு ஓர் ஆயத்தப் பதில் என்னிடம் இருந்தது. "அந்தக் காலத்துக் கள் வேற. உணவு மாதிரி. இப்ப இருக்கிறதோட ஒப்பிடக் கூடாது." சொல்லிவிட்டு அடுத்த அடிக்கு நகர்ந்துவிடுவேன்.

பெண்ணின் உடல் அவளுக்கே உரியது என்று மேடைகளில் பேசியிருக்கிறேன், கவிதைகளில் எழுதியிருக்கிறேன். ஆனால் தமிழின் மூத்த பெண்கவி ஒருத்தி கள் குடித்தாள் என்பதை இருபது வயதுப் பிள்ளைகள் முன்னால் நேராகச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

இந்தக் கூச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. நம் பொதுநினைவில் ஔவை என்றால் நீறு பூசி, கோலூன்றி, குழந்தைகளுக்கு நீதி சொல்லும் பாட்டி. ஆத்திசூடி பாடிய ஔவை சங்க ஔவைக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர் என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். இருந்தாலும், 1953இல் வெளிவந்த 'ஔவையார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் தந்த உருவமே எல்லா ஔவைகளையும் ஒருத்தியாக்கி நம் மனத்தில் அமர்ந்திருக்கிறது. மன்னனுக்குச் சமமாக உட்கார்ந்து கள்ளருந்தியவளுக்கு அந்த உருவத்தில் இடமில்லை. காவிரிப்பூம்பட்டினத்தின் இரவைப் பாடும் பட்டினப்பாலை, மது அருந்தி மகிழும் மகளிரை எந்தப் பதற்றமுமில்லாமல் சொல்லிச் செல்கிறது. பின்னால் வந்த வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்குகிறார். குடித்துக் களிப்பவனைக் காணச் சகிக்காதவர்களில் ஒருத்தியாகப் பெற்ற தாயை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார். குடிப்பவளாக இருந்த பெண், குடிப்பவனைப் பார்த்து நொந்துபோகிறவளாக இலக்கியத்தில் இடம் மாறுகிறாள்.

நம் வீடுகளில் இருப்பவள் இந்த இரண்டாவது பெண். என் பெரியம்மா அப்படிப்பட்டவர்.

2

பெரியம்மாவுக்குத் திருப்பூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஒரே மகன், எனக்கு அண்ணன். விசைத்தறிக்குப் போய்க்கொண்டிருந்தான். பதினைந்து வருடம் விடாமல் குடித்து 2014இல் கல்லீரல் கெட்டு இறந்தான். அண்ணி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகத் தொடங்கினார். பேரனுக்கு அப்போது பதினோரு வயது.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் இருக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரல் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் 3,000க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடிய கடைகளுக்குப் புது இடம் தேடப்பட்டது. அவை சாலையை விட்டு ஊருக்குள் வந்தன. ஊர் ஊராகப் பெண்கள் மறியலில் உட்கார்ந்த கோடைகாலம் அது. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய பெண்ணைக் காவல்துறை அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்த காட்சியைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பெரியம்மாவின் ஊரிலும் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் கடை திறக்க ஏற்பாடு நடந்தது. அறுபது வயதைத் தாண்டிய பெரியம்மா மற்ற பெண்களோடு மூன்று நாள் வெயிலில் ரோட்டில் உட்கார்ந்தார். கடை வரவில்லை. தன் வாழ்நாளில் அரசாங்கத்திடம் கேட்டுக் கிடைத்த முதல் பொருள் அதுதான் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

2023இல் பேரன் பாலிடெக்னிக் கடைசி வருடம். கூட்டாளிகளோடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நின்றபோது போலீஸ் சோதனையில் அவன் சட்டைப்பையிலிருந்து இரண்டு கஞ்சா பொட்டலங்கள் எடுக்கப்பட்டன. கைது, ரிமாண்ட், கிளைச்சிறை. பதினெட்டு நாள் கழித்து ஜாமீன் கிடைத்தது. வக்கீல் செலவுக்கும் ஜாமீன்தாரர்களை அழைத்துப் போய்வந்த செலவுக்குமாகப் பெரியம்மா தன் காதுத் தோட்டை அடகு வைத்தார். மகன் குடித்தழித்ததெல்லாம் போக வீட்டில் மிஞ்சியிருந்த தங்கம் அவ்வளவுதான்.

அந்த நாள்களில் ஒரு ராத்திரி என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, நீ படிச்சவ. ஒரு பொட்டலத்துக்குப் பையன ஜெயில்ல வெக்கறது ஞாயமா? விட்டுப்போடச் சொல்லி யாருகிட்டயாச்சும் பேசு கண்ணு."

நான் கொஞ்சம் இரக்கமில்லாமல்தான் கேட்டேன். "கடையே இருக்கக் கூடாதுன்னு ரோட்டுல உட்கார்ந்தது நீங்கதானுங்களே பெரியம்மா?"

"அன்னைக்கும் நாந்தான் அழுதேன், இன்னைக்கும் நாந்தான் அழறேன். இதுல நீ என்ன வித்தியாசத்தக் கண்ட?"

அவர் முரண்படுகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் அன்று போனை வைத்தேன். யோசிக்க யோசிக்க, முரண்பாடு என் கேள்வியில் இருப்பது தெரிந்தது. சட்டம் அனுமதித்த பொருள் அவருடைய மகனைக் கொண்டுபோனது. சட்டம் தடுத்த பொருளுக்காகப் பேரன் சிறைக்குப் போனான். இரண்டுக்குமான செலவு ஒரே வீட்டின் பெண்கள் தலையில் விழுந்தது. 'அனுமதிக்கலாமா, தடுக்கலாமா' என்று கேட்கும்போது, அந்தச் செலவைச் செய்கிறவள் கேள்விக்குள்ளேயே வருவதில்லை.

3

போதைப்பொருள்களைப் பற்றிய மக்களின் எண்ணம் உலகின் பல பகுதிகளில் மாறிவருகிறது. அமெரிக்காவில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்றவர்கள் 1969இல் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 12 விழுக்காடு. 2023இல் 70 விழுக்காடு. உருகுவே 2013இல் சட்டமியற்றியது, கனடா 2018இல் கடைகளைத் திறந்தது, ஜெர்மனி 2024 ஏப்ரலில் வயதுவந்தோர் அளவோடு வைத்திருக்கவும் வளர்க்கவும் அனுமதித்தது. என் மாணவர்களுக்கு இதெல்லாம் தெரியும். "கனடாவுல அலவ்டு மேம்" என்பது இன்று எந்த வகுப்பறையிலும் கேட்கக்கூடிய வாக்கியம்.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் இருக்கும் தத்துவத்தை மாணவிகள் தெரிந்துகொள்வது நல்லது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட 'சுதந்திரம் பற்றி' என்ற நூல் அதன் ஊற்றுக்கண். பிறருக்குத் தீங்கு செய்வதைத் தடுப்பதற்காக மட்டுமே ஒருவரின் விருப்பத்துக்கு மாறாகச் சமூகம் தலையிடலாம். அவருடைய சொந்த நன்மை அதற்குப் போதுமான காரணமாகாது என்பது மில்லின் வாதம். தன் உடல்மீதும் மனத்தின்மீதும் ஒவ்வொருவரும் தாமே அரசர். பெண்ணியம் இந்த வாதத்தை இறுகப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. கருக்கலைப்பு, மணவிலக்கு, உடை, துணை என்று நாம் கேட்ட உரிமைகள் பலவும் இந்தத் தரையில் நின்று கேட்டவை. அப்படியிருக்க, என் உடலுக்குள் நான் எதைச் செலுத்திக்கொள்வது என்பதை மட்டும் அரசு தீர்மானிக்கட்டும் என்று ஒரு பெண்ணியவாதி எப்படிச் சொல்ல முடியும்?

சொல்ல முடியாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இந்த வாதத்தில் வரும் 'ஒருவர்' யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அவர் தனியாக இருக்கிறார். அவர் குடித்தால் பாதிப்பு அவருக்கு மட்டும். அவர் வாந்தியெடுத்தால் யாரோ துடைக்கிறார்கள். அவர் வேலைக்குப் போகாத நாளில் யாரோ இரண்டு ஷிப்ட் பார்க்கிறார்கள். துடைக்கும் கையும் இரண்டாம் ஷிப்டும் தத்துவத்தில் தென்படுவதில்லை.

மில்லைக் கவனமாகப் படித்தால் அவர் இதைப் பார்க்காமல் விட்டுவிடவில்லை என்பது தெரிகிறது. குடித்தோ ஊதாரித்தனத்தாலோ ஒருவன் தன் குடும்பத்தைக் காப்பாற்றவும் பிள்ளைகளைப் படிக்கவைக்கவும் முடியாதவனாகிவிட்டால், அவனைத் தண்டிப்பது நியாயமே என்கிறார். ஆனால் அந்தத் தண்டனை குடித்ததற்காக இருக்கக் கூடாது, குடும்பத்துக்குச் செய்ய வேண்டிய கடமையிலிருந்து தவறியதற்காக இருக்க வேண்டும் என்று பிரித்துச் சொல்கிறார். பெரியம்மாவின் வழக்கை இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் நம் சட்டம் தலைகீழாக நிற்பது புரியும். பதினைந்து வருடம் சம்பளத்தைக் குடித்து, அண்ணியை அடித்த என் அண்ணனைச் சட்டம் ஒருநாளும் கேட்கவில்லை. பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதைப் பொருளாதார வன்முறை என்றே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அப்படி ஒரு சட்டம் இருப்பது அண்ணிக்குத் தெரியவே தெரியாது. யாரையும் அடிக்காத, யார் பணத்தையும் பறிக்காத பேரனுக்குப் பதினெட்டு நாள் சிறை.

4

எது போதைப்பொருள், எது மருந்து, எது வெறும் பழக்கம் என்று கோடு கிழிப்பது வேதியியல் என்று நாம் நம்புகிறோம். கோடுகளைக் கொஞ்சம் பார்ப்போம்.

போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985இல் வந்தது. அதன்படி கஞ்சா என்பது அந்தச் செடியின் பூத்த அல்லது காய்த்த நுனி. நுனி சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. அதனால்தான் ராஜஸ்தானில் உரிமம் பெற்ற கடையில் பாங்கு விற்க முடிகிறது. அதே செடியின் பூவைச் சிறிதளவு வைத்திருந்தால் ஓராண்டுவரை சிறை, 10,000 ரூபாய்வரை அபராதம். ஆங்கிலேயர் காலத்தில் 1893-94இல் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்துவிட்டு, அளவான பயன்பாட்டால் பெரிய தீங்கில்லை, முழுத்தடை வேண்டாம் என்று அறிக்கை கொடுத்தது. தொண்ணூறு ஆண்டுகளில் செடி மாறவில்லை, பார்வை மாறியது.

இன்னொரு கோடு பெண்களுக்கென்றே கிழிக்கப்பட்டது. 1963இல் விற்பனைக்கு வந்த வேலியம் மாத்திரை, 1960களின் இறுதியிலிருந்து பத்தாண்டுக்கும் மேலாக அமெரிக்க மருத்துவர்கள் மிக அதிகமாக எழுதிக்கொடுத்த மருந்தாக இருந்தது. அதை வாங்கி விழுங்கியவர்களில் பெண்கள்தான் அதிகம். வீட்டுக்குள் அடைபட்டு மூச்சுத்திணறியவர்களுக்கு, அதே வீட்டில் அமைதியாக இருக்க மாத்திரை கொடுக்கப்பட்டது. அது பழக்கமாகி விடமுடியாமல் போனபோதும் யாரும் அதைப் போதை என்று சொல்லவில்லை. நம் ஊரில் நாற்று நடும் பெண்கள் குனிந்த இடுப்பு நிமிர்வதற்குள் ஒரு துண்டு புகையிலையை வாயில் ஒதுக்கிக்கொள்வதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதற்காக ஒழுக்கம் பேசியவர்கள் உண்டா? பெண்ணை வேலையில் நிறுத்திவைக்கிற பொருள் உறுத்துவதில்லை. அவளைக் கொஞ்சநேரம் சிரிக்கவைக்கிற பொருள்தான் உறுத்துகிறது.

பார்வை மாறும்போதெல்லாம் அதை மாற்றுவதற்குப் பெண்ணே முன்னால் நிறுத்தப்படுகிறாள், அல்லது தானாக வந்து நிற்கிறாள். அமெரிக்காவில் 1874இல் தொடங்கிய பெண்கள் கிறித்தவ மதுவிலக்கு ஒன்றியம், ஃபிரான்சிஸ் வில்லார்டின் தலைமையில் வீட்டைக் காப்போம் என்ற முழக்கத்தோடு மதுவிலக்கையும் வாக்குரிமையையும் சேர்த்துக் கேட்டது. 1920இல் நாடு முழுக்க மதுவிலக்கு வந்தது. கள்ளச்சாராயமும் துப்பாக்கிக் கும்பல்களும் பெருகின. தன் மகன்களுக்கு மதுவில்லாத உலகம் கிடைக்கும் என்று நம்பி முதலில் மதுவிலக்கை ஆதரித்த பாலின் சாபின் என்ற பெண்மணி, 1929இல் மதுவிலக்கை நீக்கக் கோரிப் பெண்கள் அமைப்பொன்றைத் தொடங்கினார். அவரும் வீட்டையும் பிள்ளைகளையும் காப்பாற்றத்தான் பேசினார். 1933இல் மதுவிலக்கு நீங்கியது. பெரியம்மா 2017க்கும் 2023க்கும் இடையில் ஆறு வருடத்தில் நடந்த தூரத்தை ஒரு நாட்டின் பெண்கள் அரை நூற்றாண்டில் நடந்திருக்கிறார்கள்.

கஞ்சா விஷயத்திலும் அப்படி ஒரு கிழவி உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் மேரி ஜேன் ராத்பன், உணவகத்தில் பரிமாறும் வேலை செய்தவர். கஞ்சா கலந்த பிரௌனி என்கிற கேக்கை வீட்டில் சுட்டு விற்றதற்காக 1981இல் கைதானார். பின்னர் எய்ட்ஸ் நோயில் சோறு இறங்காமல், குமட்டலில் துடித்த இளைஞர்களுக்கு அதையே இலவசமாகச் சுட்டுக் கொடுத்தார். மருத்துவமனையில் தன்னார்வலராக அவர்களைக் கவனித்துக்கொண்டார். 1992இல் மறுபடி கைதானபோது அவருக்கு அறுபத்தொன்பது வயது, வழக்கு நிற்கவில்லை. கட்டை குட்டையான, கண்ணாடி போட்ட, கேக் சுடும் பாட்டியைக் குற்றவாளியாகப் பார்க்க மக்களால் முடியவில்லை. 1996இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்கெடுப்பில் கஞ்சாவை மருந்தாக ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளின் மனமாற்றத்தில் அவருடைய அடுப்புக்கும் பங்குண்டு.

அதற்குப்பின் வந்தது சந்தை. இன்று பல மாநிலங்களில் கஞ்சா பங்குச்சந்தை வரை போன பெருந்தொழில். ஆனால் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில் கஞ்சா பயன்படுத்தியபோதும், வைத்திருந்ததற்காகக் கறுப்பினத்தவர் கைதாவது சுமார் 3.7 மடங்கு அதிகம் என்று அமெரிக்கக் குடியுரிமை ஒன்றியம் 2013இல் கணக்கிட்டுச் சொன்னது. ஒரு பாட்டியின் கருணை திறந்துவிட்ட கதவு வழியாக முதலீடு உள்ளே போனது. சிறைக்குப் போனவர்கள் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். அந்த நாட்டின் மனமாற்றத்தை முன்னேற்றம் என்று மட்டும் நம்மால் வாசிக்க முடியாது.

5

இவ்வளவையும் தெரிந்துவைத்திருந்த நான் செய்த ஒரு காரியத்தையும் இங்கே சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது பணிபுரிந்த கல்லூரியில் சுற்றுலா போன இடத்தில் மாணவர் நால்வரும் மாணவி ஒருத்தியும் பீர் குடித்தது தெரியவந்தது. தமிழ்நாட்டில் மது வாங்கக் குறைந்தபட்ச வயது 21. ஐவருமே அதற்குக் குறைந்தவர்கள். விதி ஐவருக்கும் ஒன்றுதான். ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடியது. பையன்களின் அப்பாக்களை வரச்சொல்லி, இரண்டு வாரம் இடைநீக்கம் செய்தார்கள். அந்தப் பெண்ணுக்கு டி.சி. கொடுத்துவிட்டார்கள். "பொண்ணு. நாளைக்கு ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது?" என்றார் குழுத்தலைவர். அவள் நன்மைக்காகத்தான் என்று இன்னொருவர் சொன்னார். குழுவில் நான் ஒருத்திதான் பெண். ஐந்தாவது கையெழுத்து என்னுடையது.

அதே வாரத்தில் புறநானூறு 235 நடத்தினேன். அரசனின் ஈகையையும் ஔவையின் துயரத்தையும் உருகி உருகிச் சொன்னேன்.

அந்தப் பெண் வேறு கல்லூரியில் சேர்ந்தாளா, வீட்டில் படிப்பை நிறுத்தினார்களா என்று விசாரிக்கும் துணிவுகூட எனக்கு அப்போது வரவில்லை. இப்போது யோசித்தால் அந்த அறையில் போதைக்கு எதிராக யாரும் பேசவில்லை. பையன்கள் குடித்தது தவறு என்ற அளவில் முடிந்தது. அவள் குடித்தது அவள் எப்படிப்பட்டவள் என்பதற்கான சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பெண்களை வைத்து எழுப்பப்படும் மதுவிலக்கு முழக்கத்தில் எனக்கு இருக்கும் அச்சம் இதுதான். குடியால் பாதிக்கப்பட்டவளாக மட்டும் பெண்ணை நிறுத்தும்போது, குடிக்கிற பெண் பெண்ணாகவே இல்லாமல் போகிறாள். குடிநோயில் விழுந்த பெண் சிகிச்சைக்கு வரத் தயங்குவதும் இதனால்தான். அவளுக்காக ரோட்டில் உட்காரப் பெரியம்மாவும் வரமாட்டார்.

6

அப்படியானால் நான் எங்கே நிற்கிறேன்?

சட்டபூர்வமாக்குவது, குற்றநீக்கம் செய்வது என்று இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. நம் விவாதங்களில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. போர்ச்சுகல் 2001இல் செய்தது இரண்டாவதை. அங்கே போதைப்பொருள் விற்பது இன்றும் குற்றம். சொந்தப் பயன்பாட்டுக்குப் பத்து நாள் அளவுக்குள் வைத்திருப்பவரை நீதிமன்றத்துக்கு அனுப்புவதில்லை. மருத்துவம், சட்டம், சமூகப்பணி தெரிந்தவர்கள் இருக்கும் குழுவின் முன் அனுப்புகிறார்கள். நம் சட்டத்திலும் தானாக முன்வந்து சிகிச்சை பெறும் போதையடிமையை வழக்கிலிருந்து விடுவிக்கும் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. பேரனை அதைச் சொல்லி விடுவிக்க முடியுமா என்று விசாரித்தேன். அவன் அடிமையும் இல்லை, விற்பவனும் இல்லை. இரண்டு பொட்டலம் வைத்திருந்த இருபது வயதுப் பையனுக்கு நம்மிடம் இருப்பது சிறை ஒன்றுதான்.

பயன்படுத்துபவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்பது என் முதல் நிலைப்பாடு. கஞ்சா தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. வளரும் வயதில் தொடர்ந்து புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் வாய்ப்பு கூடுகிறது. மாணவர்களிடம் நான் அதைச் சொல்லத்தான் செய்கிறேன். நோய் வரலாம் என்பதற்காக ஒருவனைக் கிளைச்சிறையில் வைத்தால் நோயோடு வழக்கும் சேர்ந்துவிடுகிறது.

இரண்டாவது நிலைப்பாட்டுக்குத் தமிழ்நாடே பாடம். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971இல் கலைஞர் அரசு தளர்த்தியது, 1974இல் மீண்டும் கொண்டுவந்தது, 1981இல் எம்.ஜி.ஆர். அரசு தளர்த்தியது. 1983இல் டாஸ்மாக் மொத்த விற்பனைக்காக ஏற்பட்டது. 2003இல் சில்லறை விற்பனையும் ஜெயலலிதா அரசால் அதனிடம் வந்தது. 2023-24 நிதியாண்டில் மது விற்பனையால் மாநிலத்துக்குக் கிடைத்த வரி வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். பெண்களுக்கான திட்டங்கள் உட்பட அரசின் செலவுகள் இந்த வருவாயையும் நம்பி இருக்கின்றன. விற்பவரே காவலராகவும் இருக்கும்போது அளவு குறைவதில் யாருக்கு அக்கறை இருக்கும்? கஞ்சாவை நாளைக்கு அனுமதித்தால் இந்த வடிவத்தில்தான் அனுமதிப்பார்கள் என்று நினைக்கும்போது 'கனடாவுல அலவ்டு' என்பவர்களோடு என்னால் சேர்ந்துகொள்ள முடியவில்லை. ஜெர்மனி கடைகளை விட்டுவிட்டு, லாபநோக்கில்லாத சங்கங்கள் வழியாக மட்டும் விநியோகம் என்று வைத்திருப்பதை நாம் கவனிக்கலாம்.

கடை இல்லையென்றால் கள்ளச்சாராயம் வரும் என்பது விற்பவர்களின் நிரந்தர வாதம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோது மாநிலம் முழுக்க அரசுக் கடைகள் திறந்துதான் இருந்தன. கடைச் சரக்கை வாங்கக் காசில்லாதவர்கள் மலிவான பாக்கெட்டை வாங்கினார்கள். இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் என்று அரசு அறிவித்ததும், குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம் என்ற குரல் எல்லாப் பக்கமும் கேட்டது. அந்தப் பணம் செத்தவனுக்குப் போகவில்லை. பிள்ளைகளோடு மிச்சமிருந்தவர்களுக்குப் போனது. அவர்களைக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டுதான் அந்தக் கேள்வியைக் கேட்க முடியும்.

ஆகவே, எந்தப் பொருளை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் அதற்கான விலையைக் கொடுக்கப்போகிறவர்களும் உட்கார வேண்டும் என்கிறேன். கடையின் இடத்தையும் நேரத்தையும் முடிவுசெய்யக் கிராமசபையில் பெண்களின் தீர்மானத்துக்குச் சட்டவலு வேண்டும். வருவாயில் ஒரு பங்கு, குடித்தவனின் சிகிச்சையோடு நிற்காமல், அவனோடு வாழ்ந்தவளின் வாடகைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் போக வேண்டும். அடிப்பதையும் சம்பளத்தைப் பறிப்பதையும் குடியோடு சேர்த்து மன்னிக்கக் கூடாது. குடிக்கிற பெண்ணுக்கும் குடிக்கிற ஆணுக்கும் ஒரே விதி, ஒரே மருத்துவமனை, ஒரே மரியாதை வேண்டும். இவை நடந்த ஊரில் அனுமதியும் தடையும் இப்போது இருப்பதைவிடச் சிறிய கேள்விகளாகிவிடும்.

7

பேரனின் வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தாவுக்குப் போய்வருகிறான். தோடு இன்னும் மீட்கப்படவில்லை. வட்டி கட்டுவது அண்ணிதான். இதை எழுதப்போகிறேன் என்று பெரியம்மாவிடம் சொன்னபோது கனடாவைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அங்கயெல்லாம் பொம்பளைக்குக் கூலி சரியா குடுப்பாங்களா கண்ணு?" என்றார். பேச்சை மாற்றுகிறார் என்று முதலில் நினைத்தேன்.

இந்த ஆண்டு 235ஆம் பாடல் வந்தது. சிரிப்பும் வந்தது. கேள்வியும் வந்தது.

"ஆமா, குடிச்சாங்க. ராஜாவோட உட்கார்ந்து குடிச்சாங்க. செத்தவனை நினைக்கும்போது அதைத்தான் முதல்ல நினைக்கிறாங்க" என்றேன். வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"அதியமானோட பெண்டாட்டி அங்க இருந்தாங்களா மேம்? அவங்களும் குடிச்சாங்களா, இல்ல ஊத்திக் கொடுத்தாங்களா?"

பொற்கலத்தில் மதுவை ஏந்தி அரசனுக்கு ஊட்டும் மகளிர் புறநானூற்றில் வருகிறார்கள். கலத்தின் மினுக்கும், அவர்கள் வளையின் ஒளியும், மதுவின் மணமும் சொல்லப்பட்டிருக்கின்றன. ஏந்திய கைகளுக்கு வலித்ததா, அவர்களுக்கும் ஒரு வாய் வேண்டியிருந்ததா, இரவு முடிந்து கலங்களைக் கழுவியது யார் என்பதற்கு எனக்குத் தெரிந்து பாட்டு இல்லை. இருப்பதைச் சொன்னேன், இல்லாததையும் சொன்னேன். அவள் நோட்டில் அதைக் கேள்வியாகவே எழுதிக்கொண்டாள்.